வெள்ளை அணுக் கோளாறுகளுக்கு நோய்க் குறியீடு போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளியின் ஆவணத்தில் (சார்ட்) உள்ள நோய்களைக் குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் ரத்த வெள்ளை அணுக்கள் சம்பந்தமான சார்ட் கைக்கு வந்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே அமெரிக்க மருத்துவ ஆவணங்களுக்குப் பயன்படும் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம் பதிப்பை ஒட்டியவை. உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பு வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தை ‘டி’ என்றும், இருபதாம் எழுத்தை ‘டீ’ என்றும் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் டி என்று தொடங்கினால் ரத்தம் சம்பந்தப்பட்டது, டீ என்று தொடங்கினால் மருந்தின் பக்கவிளைவு. வாயால் சொல்லும்போது இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். அதனால் பக்கத்தில் இருப்பவர் சொன்ன குறியீட்டைக் காதால் கேட்டு அப்படியே தட்டிவிடாதீர்கள்.

வெள்ளை அணுக் கோளாறுகள் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன?

மூன்றாம் அத்தியாயத்தில், டி50 முதல் டி89 வரை உள்ள பகுதிக்குள். நமக்கு வேண்டியவை டி70, டி71, டி72 என்ற மூன்று வீடுகள். தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோபில் குறைந்துபோனால் டி70. நியூட்ரோபில் எண்ணிக்கை இருந்தும் அது தன் வேலையைச் செய்யவில்லை என்றால் டி71. பிறவியிலேயே வரும் நாட்பட்ட கிரானுலோமாட்டஸ் நோய் இங்கேதான் வரும். மற்ற ஏற்ற இறக்கங்களும் அணுவின் வடிவக் கோளாறுகளும் டி72.

ரத்தப் புற்றுநோயான லுகேமியா இங்கே இல்லை. அது புற்றுநோய் அத்தியாயத்தில் சி91 முதல் சி95 வரை இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாத மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோமும் டி46-க்குப் போய்விடும். ‘வெள்ளை அணு’ என்ற சொல்லைப் பார்த்ததும் டி72-ஐத் திறக்கிற பழக்கம் வரக்கூடாது.

லேப் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்திருக்கிறது. நானே குறியீடு போட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்த வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,400. நியூட்ரோபில் 30 சதவீதம், முழுதாக முதிராத நியூட்ரோபில்களான பேண்ட் செல்கள் 5 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 35 சதவீதம். 2,400-இல் 35 சதவீதம் 840. இதைத்தான் ஏஎன்சி, அதாவது நியூட்ரோபில்களின் மொத்த எண்ணிக்கை, என்பார்கள். பெரியவர்களுக்கு 1,500-க்குக் கீழே போனால் நியூட்ரோபீனியா, 500-க்குக் கீழே போனால் கடுமையானது என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். அப்படியென்றால் 840 நியூட்ரோபீனியாதானே? கணக்குப்படி ஆமாம். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது நீங்கள். மருத்துவர் எழுதவில்லை.

அதிகாரபூர்வ வழிகாட்டு விதி தெளிவாகவே இருக்கிறது. உள்நோயாளி சார்ட்டில் இயல்புக்கு மாறான பரிசோதனை முடிவுகளை, அவற்றுக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு என்று மருத்துவர் குறிப்பிட்டால் ஒழிய குறியீடாக்கக் கூடாது. எண் மாறியிருக்கிறது, அதற்காக மருத்துவர் மேற்கொண்டு பரிசோதனை எழுதியிருக்கிறார், அல்லது ஊசி போட்டிருக்கிறார், ஆனால் நோயின் பெயரை எழுதவில்லை என்றால், அவரிடம் க்வெரி, அதாவது விளக்கம் கேட்டு எழுத்தில் ஒரு கேள்வி, அனுப்பலாம். பெயர் வைக்கிற வேலை அவருடையது. அவர் வைத்த பெயரைச் சரியான இடத்தில் உட்கார வைப்பது நம்முடையது.

அப்படியானால் ஏஎன்சி கணக்கைத் தெரிந்துகொள்வது வீணா? இல்லவே இல்லை. எங்கே கேட்க வேண்டும் என்று காட்டுவதே அந்தக் கணக்குதான்.

லியூகோபீனியாவும் நியூட்ரோபீனியாவும் ஒன்றுதானே?

இல்லை. லியூகோபீனியா என்றால் மொத்த வெள்ளை அணுக்கள் குறைவு. நியூட்ரோபீனியா என்றால் அதில் ஒரு வகை மட்டும் குறைவு. வெறுமனே ‘லியூகோபீனியா’ என்று எழுதியிருந்தால் டி72.819. லிம்போசைட் குறைந்திருப்பதாக எழுதியிருந்தால் டி72.810. மோனோசைட், ஈசினோபில், பேசோபில் குறைவு எல்லாம் டி72.818. ‘நியூட்ரோபீனியா’ என்றால் டி70 வீட்டுக்குள் போக வேண்டும்.

இதில் ஒரு வளைவு இருக்கிறது. ‘கீமோவால் வந்த லியூகோபீனியா’ என்று மருத்துவர் எழுதினால் என்ன செய்வீர்கள்? நிறையப் பேர் டி72.819 போட்டுவிடுவார்கள். அகரவரிசை அட்டவணையில் லியூகோபீனியா என்ற சொல்லின் கீழே இறங்கிப் பாருங்கள். புற்றுநோய் கீமோவால் வந்தது என்ற உள்வரி டி70.1-க்குக் கூட்டிப்போகும். மற்ற மருந்துகளால் வந்தது என்றால் டி70.2. அட்டவணையின் முதல் வரியோடு நின்றால் இது கண்ணில் படாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் இதே இடத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘லியூகோபீனியா’ என்று ஒரே ஒரு சொல். டி72.819 போட்டு சார்ட்டை மூடிவிட்டேன். ஆடிட்டில் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் குறிப்பில் புற்றுநோய் மருத்துவர், ‘கடந்த கீமோ சுற்றால் வந்த நியூட்ரோபீனியா, காய்ச்சல் இறங்கிவிட்டது’ என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. தவறிப்போனது ஒரு குறியீடு மட்டும் இல்லை. காய்ச்சலும் போனது, மருந்தின் பக்கவிளைவும் போனது. அந்த நோயாளி பட்ட பாட்டில் பாதி ஆவணத்திலேயே இல்லை. அன்றிலிருந்து சம்மரியை மட்டும் படித்து வெள்ளை அணு சார்ட்டை நான் மூடியதில்லை.

டி70-க்குள் எதை எடுப்பது?

காரணம்தான் வழிகாட்டி. பிறவியிலேயே வந்தது, கோஸ்ட்மன் நோய் என்று எழுதியிருந்தால் டி70.0. புற்றுநோய் கீமோவால் வந்தது டி70.1. வேறு மருந்தால் வந்தது டி70.2. தொற்றால் வந்தது டி70.3. ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கை இறங்கி ஏறும் சுழற்சி வகை டி70.4. மற்றவை டி70.8. காரணமே எழுதவில்லை என்றால் டி70.9.

பிறந்த குழந்தைக்குத் தற்காலிகமாக வரும் நியூட்ரோபீனியா இந்த வீட்டில் இல்லை. அது பச்சிளங்குழந்தைகளுக்கான அத்தியாயத்தில் பி61.5 (இந்தப் ‘பி’ ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து). மண்ணீரல் வீங்கி அதனால் நியூட்ரோபில் குறையும் நிலையும் வேறு இடம், டி73.81.

டி70.1, டி70.2 இரண்டுக்கும் மருந்தின் பக்கவிளைவைச் சொல்லும் குறியீடு கூடவே வர வேண்டும். கீமோ என்றால் டீ45.1எக்ஸ்5ஏ. தைராய்டுக்குக் கொடுக்கும் கார்பிமசோலால் வந்தது என்றால் டி70.2-உடன் டீ38.2எக்ஸ்5ஏ. வரிசை முக்கியம்: மருந்தைச் சரியாக எடுத்துக்கொண்டும் வந்த பக்கவிளைவு என்றால் விளைவு முதலில், மருந்துக் குறியீடு அதற்குப் பின்னால்.

கடைசியில் இருக்கும் ‘ஏ’ பற்றி ஒரு வார்த்தை. அதை ‘முதல் வருகை’ என்று புரிந்துகொள்கிறவர்கள் நிறைய. அந்தப் பிரச்சினைக்குத் தீவிர சிகிச்சை நடக்கிற வரைக்கும் ‘ஏ’ தான், நோயாளி எத்தனையாவது முறை வந்தாலும் சரி.

காய்ச்சலோடு நியூட்ரோபீனியா என்று எழுதியிருந்தால்?

இதற்கென்று ஒற்றைக் குறியீடு கிடையாது. இரண்டு வேண்டும். டி70 வரிசையில் உரியது முதலில், ஆர்50.81 அடுத்து. ஆர்50.81 என்பது வேறொரு நோயோடு சேர்ந்து வரும் காய்ச்சல். அதன் கீழேயே ‘அடிப்படை நோயை முதலில் எழுது’ என்ற குறிப்பு இருக்கிறது. அதனால் அது ஒருபோதும் முதலில் நிற்காது.

மருத்துவ ரீதியாக இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தால் வரிசை தானாக மனதில் நிற்கும். நியூட்ரோபில் இல்லாத உடம்பில் தொற்று வந்தால் சீழ் கட்டாது, வீக்கம் வராது, எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அறிகுறி. வாய் வழியாகப் பார்த்த வெப்பநிலை ஒரே ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும், கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவார்கள். இரவோடு இரவாக நடக்கும் இந்த ஓட்டத்தை டி70.1, ஆர்50.81 என்ற இரண்டு வரி பதிவு செய்கிறது.

சரி, ஒரு முழு உதாரணம். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் பெண். கீமோ முடிந்து பத்தாவது நாள் காய்ச்சலோடு அட்மிட் ஆகிறார். மருத்துவர், ‘கீமோவால் வந்த நியூட்ரோபீனியா, காய்ச்சலுடன்’ என்று எழுதுகிறார். கீமோவால் வாய் முழுக்கப் புண் என்றும் எழுதுகிறார். தொற்று எதுவும் உறுதியாகவில்லை. இந்த முறை சிகிச்சை அனைத்தும் நியூட்ரோபீனியாவுக்கும் அதன் கூட வந்தவற்றுக்கும்தான், புற்றுநோய்க்கு இல்லை. அதனால் டி70.1 முதலில். ஆர்50.81, வாய்ப்புண்ணுக்குக் கே12.31, புற்றுநோய்க்கு சி50 வரிசையில் உரிய முழுக் குறியீடு, கூடவே டீ45.1எக்ஸ்5ஏ. வாய்ப்புண்ணை விட்டுவிடாதீர்கள். டி70-இன் கீழேயே ‘கூடவே சளிச்சவ்வுப் புண் இருந்தால் அதையும் எழுது’ என்ற குறிப்பு உண்டு.

எண்ணிக்கை கூடியிருந்தால்?

டி72.82 வரிசைக்குப் போங்கள். லிம்போசைட் கூடினால் டி72.820, மோனோசைட் கூடினால் டி72.821, பிளாஸ்மா செல் கூடினால் டி72.822, லுகேமியா போல எண்ணிக்கை ஏறும் லுகேமாய்டு ரியாக்‌ஷன் டி72.823, பேசோபில் கூடினால் டி72.824, பேண்ட் செல்கள் கூடும் பேண்டீமியா டி72.825. எந்த வகை என்று சொல்லாமல் ‘லியூகோசைட்டோசிஸ்’ என்று மட்டும் இருந்தால் டி72.829.

லிம்போசைட்டோசிஸ், மோனோசைட்டோசிஸ் இரண்டின் தலைப்பிலும் அடைப்புக்குறிக்குள் ‘அறிகுறியுடன்’ என்ற சொல் இருக்கும். நோயாளிக்கு அறிகுறி இல்லையே, இதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் ஆவணத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறியீடு மாறாது.

நிமோனியா உறுதியான நோயாளிக்கு வெள்ளை அணு கூடுவது இயல்பு. நோயோடு வழக்கமாக வரும் அறிகுறியைத் தனியாகக் குறியீடாக்குவதில்லை என்ற பொது விதி இருப்பதால், அங்கே டி72.829 சேர்க்கத் தேவையில்லை. பேண்டீமியாவுக்கு இன்னும் கறாரான விதி: தொற்று உறுதியாகிவிட்டால் டி72.825 கிடையாது, தொற்றைத்தான் எழுத வேண்டும். ‘லெஃப்ட் ஷிஃப்ட்’ (முதிராத நியூட்ரோபில்கள் கூடியிருப்பதைச் சொல்லும் பெயர்) என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நீங்களாகப் பேண்டீமியா என்று மொழிபெயர்க்காதீர்கள்.

ஸ்டீராய்டு கொடுத்ததால் எண்ணிக்கை ஏறியது என்று மருத்துவர் எழுதினால் டி72.829, கூடவே டீ38.0எக்ஸ்5ஏ. இந்த இரண்டாவது குறியீட்டை நான் விடாமல் பார்ப்பேன். அது இல்லாவிட்டால் அடுத்த முறை ஆவணத்தைப் படிக்கிறவருக்கு அந்த ஏற்றம் காரணம் தெரியாத ஏற்றமாகவே தெரியும்.

ஈசினோபிலியாவுக்கு (ஈசினோபில் கூடுவதற்கு) டி72.1 போட்டேன், சிஸ்டம் ஏற்கவில்லை. ஏன்?

2020 அக்டோபர் 1 முதல் அது பிரிக்கப்பட்டுவிட்டது. காரணம் சொல்லாத ஈசினோபிலியா இப்போது டி72.10. ஹைப்பர்ஈசினோபிலிக் சின்ட்ரோம் டி72.11 வரிசையில் ஆறு இலக்கமாக விரியும்: காரணம் தெரியாத வகை டி72.110, லிம்போசைட் சார்ந்தது டி72.111, மற்றவை டி72.118, குறிப்பிடாதது டி72.119. மருந்து ஒவ்வாமையில் தோல் தடிப்போடு உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படும் டிரெஸ் சின்ட்ரோமுக்கு டி72.12.

ஈசினோபில் ஓர் உறுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அந்த உறுப்பின் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். ஈசினோபிலிக் ஆஸ்துமா ஜே82.83. உணவுக்குழாயில் வந்தால் கே20.0. ஆண்டுதோறும் அக்டோபர் 1-ஆம் தேதி புதிய பட்டியல் நடைமுறைக்கு வருகிறது, இடையில் ஏப்ரலிலும் மாற்றங்கள் வரலாம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆன தேதிக்கு எந்தப் பட்டியல் நடப்பில் இருந்ததோ அதுதான் கணக்கு.

மூன்று வகை அணுவும் குறைந்திருந்தால்?

மருத்துவர் ‘பான்சைட்டோபீனியா’ என்று எழுதியிருந்தால் டி61.81 வரிசை: கீமோவால் டி61.810, மற்ற மருந்தால் டி61.811, மற்றவை டி61.818. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று மூன்றையும் தனித்தனியாக அடுக்க வேண்டாம். மூன்றும் குறைந்திருக்கிறது என்று பார்த்து நீங்களாக அந்தப் பெயரை வைக்கவும் வேண்டாம்.

‘லுகேமியாவாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறது. என்ன போடுவது?

வெளிநோயாளியா, உள்நோயாளியா என்று முதலில் பாருங்கள். வெளிநோயாளி என்றால் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ எதையும் நோயாகக் குறியீடாக்கக் கூடாது. அந்த வருகையில் உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதுவரைதான்: லிம்போசைட் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தால் டி72.820. உள்நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அந்தச் சந்தேகம் அப்படியே எழுதப்பட்டிருந்தால், அது உறுதியான நோய் போலவே குறியீடாகும்.

இந்த வித்தியாசத்தை மறந்து, வெளிநோயாளி சார்ட்டில் சி91.10 போட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒரு வைரஸ் காய்ச்சலால் லிம்போசைட் ஏறியிருந்த மனிதரின் ஆவணத்தில் ‘நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா’ ஏறிவிடும். அது காப்பீட்டுக்குப் போகும், அடுத்த மருத்துவரின் திரைக்குப் போகும். அழிப்பது லேசான காரியம் இல்லை. சந்தேகம் தீரும்வரை டி72-இல் காத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

லுகேமியா குறியீட்டின் கடைசி எண் எதைச் சொல்கிறது?

0 என்றால் ரெமிஷன் (நோயின் அறிகுறிகள் அடங்கிய நிலை) கிடைக்கவில்லை, 1 என்றால் ரெமிஷனில் இருக்கிறார், 2 என்றால் திரும்ப வந்திருக்கிறது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா ரெமிஷனில் என்றால் சி91.01. நோய் முற்றிலும் போய், சிகிச்சையும் முடிந்து, பழைய வரலாறு மட்டும்தான் என்றால் இசட்85.6. ரெமிஷனும் பழைய வரலாறும் ஒன்றில்லை. எது என்று ஆவணத்தில் தெளிவில்லாவிட்டால் கேட்கத்தான் வேண்டும்.

க்வெரியை எப்படி எழுதுவது?

‘இது நியூட்ரோபீனியாதானே, எழுதிவிடுங்கள்’ என்று எழுதக் கூடாது. அது பதிலை வாயில் ஊட்டுவது. ஆவணத்தில் இருப்பதை முன்னால் வையுங்கள்: ‘5-ஆம் தேதி வெள்ளை அணு 2,400, நியூட்ரோபில் 30 சதவீதம், பேண்ட் 5 சதவீதம். ஃபில்கிராஸ்டிம் (நியூட்ரோபிலைக் கூட்டும் ஊசி) தொடங்கப்பட்டது. இந்தச் சிகிச்சைக்கு உரிய நோயையும், தெரிந்தால் அதன் காரணத்தையும் குறிப்பிட முடியுமா?’ தேர்வுகள் கொடுத்தால் மருத்துவ ரீதியாகப் பொருந்துபவை எல்லாவற்றையும் கொடுங்கள். ‘வேறு ஏதாவது’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். எந்தப் பதில் வந்தால் பணம் கூடும் என்ற பேச்சே க்வெரியில் வரக்கூடாது.

மருத்துவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். தேதியும் எண்ணும் சரியாக இருக்கிற சின்ன க்வெரிக்கு நான் பார்த்தவரை நல்ல பதில்தான் வந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பிலும் இதே குறியீடுகள்தானா?

முதல் மூன்று இடம் ஒன்று, உள்ளே விரிவு வேறு. அவர்களுடைய ஐசிடி-10-இல் டி70-க்கு உட்பிரிவே இல்லை, அப்படியே செல்லும். சிஎம் பதிப்பில் வெறும் டி70 போட்டால் முழுமையற்ற குறியீடு என்று திரும்பி வரும்.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-இல் இடமே மாறிவிட்டது. நியூட்ரோபீனியா ரத்த அத்தியாயத்தை விட்டு நோய் எதிர்ப்பு மண்டல அத்தியாயத்துக்குப் போய், 4பி00.0 (இங்கே ‘பி’ ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து) ஆகியிருக்கிறது. எனக்கு இது நியாயமான மாற்றமாகப் படுகிறது. நியூட்ரோபில் ரத்தத்தில் மிதந்தாலும் அதன் வேலை காவல் காப்பதுதானே.

நான் கோடர் இல்லை, நோயாளி. என் பில்லில் டி72.829 என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்தக் குறியீட்டுக்குப் பொருள், ‘வெள்ளை அணு எண்ணிக்கை கூடியிருக்கிறது, எந்த வகை என்று குறிப்பிடப்படவில்லை’ என்பது மட்டும்தான். அது புற்றுநோய்க்கான குறியீடு இல்லை. சாதாரணத் தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை, புகைபிடித்தல், உடம்புக்கு வந்த பெரிய அதிர்ச்சி என்று எத்தனையோ காரணத்தால் எண்ணிக்கை ஏறும். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இயல்பு என்று பெரும்பாலான ஆய்வகங்கள் வைத்திருக்கின்றன, ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் எல்லை கொஞ்சம் மாறும்.

குறியீட்டை வைத்து இணையத்தில் தேடி இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வகை அணு கூடியிருக்கிறது? காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள்? மறுபடி எப்போது ரத்தம் பார்க்க வேண்டும்? அப்புறம், வெளிநோயாளியாகப் போன உங்கள் ஆவணத்தில் மருத்துவர் உங்களிடம் உறுதியாகச் சொல்லாத ஒரு நோயின் பெயர் ஏறியிருந்தால், அதைத் திருத்தித் தரும்படி எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.